கற்பிக்கக் கற்றவர்கள்

பருவத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் பங்கு இல்லத்தின் திண்ணை வெறுமையாக இருப்பதில்லை. தேறியவர்கள் கோவிலுக்குச் சென்று ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போய்விடுவர். தவறியவர்களே நம்மைத் தேடி வருவர். பெரும்பாலும் அவர்களுடைய அன்னையரே வருவர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றிய கடலோரப் பங்கு ஒன்றில், அவ்வாறு ஒரு மாலைப்பொழுதில் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் கடல் தொழில் செய்பவர். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன்தான். பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்றவன்; கணிதத்தை விரும்பித் தேர்ந்தெடுத்தவன். முதலாண்டிலேயே நான்கு தாள்களில் தவறியிருந்தான். "இவனுக்குப் படிப்பு ஏறலைன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க சாமி. ஆனா ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிச்சான். நான் பக்கத்துலதான் சாமி இருந்தேன்" என்றார் அத்தாய். மகன் ஒன்றும் பேசவில்லை. அவனிடம் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினோம். கரும்பலகையில் எழுதப்பட்டவையெல்லாம் அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. "இதில் எது புரிகிறது தம்பி?" என்று கேட்டோம். "எழுதத்தான் ஃபாதர் நேரம் இருந்துச்சு" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் நம்மை நெடுநாள் விடவில்லை. மாணவன் தவறினால் மாணவனையே கேட்கிறோம்: ஏன் படிக்கவில்லை? அவனுக்குக் கற்பித்தவரிடம், கற்பிக்க உமக்கு யார் கற்றுத்தந்தார் என்று நாம் கேட்டதுண்டா? கேட்டால் மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். ஆனால் நம் திருச்சபையின் கல்வி வரலாற்றில் இக்கேள்வி துணிவோடு கேட்கப்பட்ட ஒரு காலம் உண்டு. அதற்கு விடையும் காணப்பட்டது. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நமக்கு நன்மை தரும்.

தவறிய ஒரு மாணவர்

லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியாரைப் போர்வீரராக அறிவோம், தவமுனிவராக அறிவோம், இயேசு சபையை நிறுவியவராக அறிவோம். படிப்பில் இடறி விழுந்த மாணவராக அவரை நம்மில் பலர் அறியார். 1491-இல் பிறந்த அவர், பம்பலோனா கோட்டையில் காயமுற்று மனமாற்றம் அடைந்த பின்னர், 1524-இல் பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் அல்காலா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே தருக்கம், இயற்கை மெய்யியல், இறையியல் ஆகிய மூன்றையும் ஒரே காலத்தில் கேட்டார். ஒன்று முடிந்து மற்றொன்று என்ற ஒழுங்கு இல்லை. அடித்தளம் இடப்படுமுன்னே மாடி எழுப்பப்பட்டது. அவர் உழைக்காதவர் அல்லர். ஊக்கம் குன்றியவரும் அல்லர். ஆயினும் கற்றது ஒன்றும் நிலைக்கவில்லை.

1528-இல் அவர் பாரீசு மாநகரை அடைந்தார். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மனிதர் அங்கே செய்த முதற்காரியம் வியப்புக்குரியது. தம் படிப்பில் அடித்தளம் இல்லை என்று கண்டுணர்ந்து, மொந்தேகு கல்லூரியில் சிறுவர்களோடு அமர்ந்து, இலத்தீனை மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்றார். பாரீசில் அதற்கான முறை இருந்தது. மாணவர்கள் அவரவர் நிலைக்கேற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒரு வகுப்பின் பாடம் கைவரப்பெறாமல் அடுத்த வகுப்புக்கு ஏற இயலாது. கேட்ட பாடத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும்; அதைக் கொண்டு எழுத வேண்டும்; அதைப் பற்றி வாதிட வேண்டும். ஆசிரியர் உரையாற்றிவிட்டுப் போய்விடும் வழக்கத்திற்கு அங்கே இடமில்லை. பின்னர் புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தபோது, அவருடைய அறைத்தோழராக இருந்த பேதுரு ஃபேவர், வகுப்பில் கேட்ட பாடத்தை அவரோடு அமர்ந்து மீண்டும் விளக்கிச் சொல்லி உதவினார். 1535-இல் இஞ்ஞாசியார் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதே அறையில் தங்கிய மற்றொருவர் நம் முத்துக்குளித்துறை மக்களின் தந்தையான புனித பிரான்சிசு சவேரியார். அவர் 1530-இல் பட்டம் பெற்றதும் பாரீசின் போவே கல்லூரியில் மெய்யியல் கற்பிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார். அவ்வாறு வகுப்பை நடத்திச் செல்லும் இளம் ஆசிரியரைக் குறிக்கும் 'ரீஜென்ட்' என்ற சொல்லே, இன்று நம் பங்குகளுக்கு 'ரீஜென்சி சகோதரர்' என்று வரும் குருமாணவரின் பெயரில் வாழ்கிறது. 1542-இல் நம் கடற்கரைக்கு வந்த சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மணியடித்துச் சிறுவரைத் திரட்டி, வரி வரியாகச் சொல்லச் சொல்லி, திரும்பத் திரும்பப் பயிற்றினார். பயின்ற சிறுவர்களையே வீடுகளுக்கு அனுப்பிப் பிறருக்குக் கற்பிக்கச் செய்தார். கற்றவனைக் கற்பிக்கவும் பழக்குவது அவருக்கு இயல்பாகவே வந்தது.

கல்லூரிகள் பெருகின, ஆசிரியர்கள்?

பாரீசில் கண்டதை இஞ்ஞாசியார் மறக்கவில்லை. 1548-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் பொதுமக்களின் பிள்ளைகளுக்கெனச் சபையின் முதற் கல்லூரி தொடங்கப்பட்டபோது, பத்துப் பேரைத் தேர்ந்து அனுப்பினார். பாரீசில் பயின்ற ஜெரோம் நடால் அவர்களுக்குத் தலைவர். பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட பேதுரு கனீசியுவும் அக்குழுவில் இருந்தார். பாரீசு முறையே அங்கே பின்பற்றப்பட்டது. 1551-இல் உரோமைக் கல்லூரி கட்டணமின்றிக் கற்பிக்கும் பள்ளியாகத் தொடங்கி, விரைவில் மெய்யியலும் இறையியலும் கற்பிக்கும் உயர்கல்விக் கூடமாக வளர்ந்தது. இன்றைய கிரகோரியன் பல்கலைக்கழகம் அதன் வழித்தோன்றலே.

ஆயர்களும் அரசர்களும் நகர மன்றங்களும் தத்தம் ஊருக்கு ஒரு கல்லூரி வேண்டுமென்று மன்றாடினர். கட்டடம் கிடைத்தது; நிலம் கிடைத்தது; நன்கொடை கிடைத்தது. ஆசிரியர் மட்டும் போதிய அளவில் கிடைக்கவில்லை. தம் படிப்பையே முடிக்காத இளைஞர்கள் வகுப்பறைகளுக்கு அனுப்பப்பட்டனர். அறிவு இருந்தாலும் வகுப்பை நடத்தத் தெரியவில்லை. எனவே 1565-இல் கூடிய சபையின் பொதுப் பேரவை, புதிய கல்லூரிகளை ஏற்பதில் நிதானம் வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. தகுதியான ஆசிரியர் இல்லையேல் கல்லூரியே வேண்டாம் என்று சொல்லும் துணிவு அன்று இருந்தது. கட்டடத்தை முதலில் எழுப்பி, பேராசிரியரைப் பின்னர் தேடும் இக்காலத்தில் இதை நாம் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

1584-இல் சபையின் தலைமை அதிபர் குளோதியு அக்வாவீவா, பல நாடுகளைச் சேர்ந்த ஆறு அறிஞர்களை உரோமைக்கு அழைத்தார். நாற்பதாண்டுக் கற்பித்தல் அனுபவத்தைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பணி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1586-இல் ஒரு வரைவு உருவாயிற்று. அது மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டு, வகுப்பறையில் நிற்பவர்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. 1591-இல் இரண்டாம் வரைவு வந்தது. அதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டது. இறுதியாக 1599 சனவரி 8-ஆம் நாள் 'ராத்தியோ ஸ்தூதியோரும்' என்னும் படிப்புமுறை ஒழுங்கு வெளியிடப்பட்டது. அப்போது சபையின் கல்லூரிகள் ஏறத்தாழ 245.

இந்நூலைத் தத்துவ நூல் என்று கருதித் திறப்பவர் ஏமாறுவர். அது அதிபருக்கும், படிப்பு மேற்பார்வையாளருக்கும், பேராசிரியருக்கும், மாணவருக்கும் தனித்தனியே வகுக்கப்பட்ட விதிகளின் தொகுப்பு. அவற்றுள் சில நம் சிந்தனைக்கு உரியவை.

முதலாவது, அதிபருக்கான விதி. விரைவில் ஆசிரியராகப் போகும் இளைஞர் ஆயத்தமின்றி வகுப்புக்குள் நுழையக் கூடாது. கற்பிப்பதில் நன்கு தேர்ந்த ஒருவரை அதிபர் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இளைஞர்கள் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், அவரிடம் சென்று பாடம் விளக்கவும், எழுதச் சொல்லவும், திருத்தவும் பழக வேண்டும்.

இரண்டாவது, மேற்பார்வையாளருக்கான விதி. தொடக்க வகுப்புகளின் மேற்பார்வையாளர் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் ஆசிரியரும் கற்பிப்பதைக் கேட்க வேண்டும். மெய்யியல், இறையியல் போன்ற உயர் வகுப்புகளிலும் இதற்கு விலக்கில்லை. மாதம் ஒருமுறையேனும் பேராசிரியரின் வகுப்பில் மேற்பார்வையாளர் அமர வேண்டும். மாணவர் எடுத்த குறிப்புகளையும் அவ்வப்போது வாங்கிப் பார்க்க வேண்டும். குறை கண்டால் கனிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். அக்கடலோரப் பங்கின் மாணவனுடைய குறிப்பேட்டைக் கல்லூரியில் எவரேனும் ஒருவர் வாங்கிப் பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

மூன்றாவது, பேராசிரியருக்கான விதி. வகுப்பு முடிந்தவுடன் அவர் போய்விடக் கூடாது. கால்மணி நேரமாவது வகுப்பறையிலோ அதன் அருகிலோ காத்திருக்க வேண்டும். மாணவர் வந்து ஐயம் கேட்பதற்காக. நான்காவதாக, ஏழை மாணவரின் படிப்பிலும் செல்வர் வீட்டுப் பிள்ளையின் படிப்பில் காட்டும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். எவரையும் இகழக் கூடாது. ஒவ்வொரு மாணவரின் வளர்ச்சியையும் தனித்தனியே கருத வேண்டும் என்றும் ஆசிரியர் பணிக்கப்பட்டனர்.

இவ்விதிகளின் அடியில் ஓடும் எண்ணம் எளியது. ஒரு பொருளை அறிந்திருப்பது ஒரு திறமை; அதைப் பிறர் உள்ளத்தில் விளைவிப்பது வேறொரு திறமை. இரண்டாவதும் பயிற்சியால் வரக்கூடியதே. ஆகவே அதைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது.

ஆசிரியர்களின் ஆசிரியர்

இவ்வெண்ணம் உயர்கல்வியில் என்ன விளைவைத் தந்தது என்பதற்குக் கிறிஸ்டோபர் கிளாவியு என்னும் துறவியின் வாழ்வே சான்று. 1538-இல் செருமனியின் பாம்பெர்க் நகரில் பிறந்த அவர், உரோமைக் கல்லூரியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் கற்பித்தார். 1582-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியபோது, அதன் கணக்குகளை விளக்கி நிலைநாட்டியவர் என்று அவரை உலகம் நினைவுகூர்கிறது. அவர் செய்த வேறொரு பணியை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

அக்காலக் கல்லூரிகளில் கணிதம் ஒதுக்கப்பட்ட பாடமாக இருந்தது. மெய்யியல் பேராசிரியர்களே வகுப்பில் அதை இழிவாகப் பேசியதால் மாணவர் உள்ளம் அதிலிருந்து விலகிற்று என்று கிளாவியு வருந்தி எழுதினார். மாணவரிடம் குறை காண அவர் முற்படவில்லை. ஆசிரியரை உருவாக்குவோம் என்றார். சபையின் பல மாநிலங்களிலிருந்தும் திறமிக்க இளைஞர் சிலர் உரோமைக்கு வந்து, தனிக்குழுவாகக் கணிதம் பயின்று, தத்தம் நாட்டிற்குத் திரும்பிக் கற்பிக்க வேண்டும் என்று அவர் முன்வைத்த திட்டம் செயல் வடிவம் பெற்றது. அவர்கள் கையாள்வதற்கென்று யூக்ளிடின் வடிவியலுக்கு 1574-இல் விளக்கவுரை வெளியிட்டார். எண்கணிதம், இயற்கணிதம், வானியல் ஆகியவற்றுக்கும் பாடநூல்கள் எழுதினார்.

விளைவைப் பாருங்கள். அவரிடம் பயின்ற மத்தேயு ரிச்சி சீனம் சென்றார். தம் ஆசிரியரின் யூக்ளிடை அடியொற்றி, சூ குவாங்சி என்னும் சீன அறிஞரோடு சேர்ந்து, முதல் ஆறு பகுதிகளை 1607-இல் சீன மொழியில் வெளியிட்டார். மற்றொரு மாணவரான புனித வின்சென்ட்டின் கிரகோரி, தாழ்நிலை நாடுகளில் ஒரு கணிதப் பள்ளியையே தோற்றுவித்தார். ஓர் ஆசிரியர் நூறு மாணவரைத் தேற்றுவார். ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியர் எத்தனை தலைமுறையைத் தேற்றுவார் என்று கணக்கிட இயலாது.

இம்முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பிரான்சு நாட்டின் லாஃப்ளேஷ் கல்லூரியில் பயின்ற தேக்கார்த்து, 1637-இல் வெளியிட்ட தம் நூலில், அங்கே கற்றவற்றுள் பல தமக்கு நிறைவு தரவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். ஆயினும் மறு ஆண்டே, தம் மகனை எங்கே படிக்க வைக்கலாம் என்று கேட்ட ஒருவருக்கு அவர் பரிந்துரைத்ததும் அதே லாஃப்ளேஷ்தான். பாடப்பொருள் பழமையானது என்று குறை கண்டவரும், பயிற்றும் முறையின் சிறப்பை மறுக்கவில்லை. பின்னர் வந்த நூற்றாண்டுகளில் விதிகளின் எழுத்தைப் பற்றிக்கொண்டு உயிரை விட்டுவிட்ட ஆசிரியர்களும் இருந்தனர். பயிற்சியும் புதுப்பிக்கப்படாவிட்டால் வெறும் பழக்கமாகிவிடும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

அவர்கள் இல்லாதபோது

ஒன்றின் அருமை அது இல்லாதபோது தெரியும் என்பர். 1762-இல் பாரீசு நீதிமன்றம் இயேசு சபையினரின் கல்லூரிகளை மூடியது. 1764-இல் அரச ஆணை நாடு முழுவதும் சபையைக் கலைத்தது. பிரான்சில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரே காலத்தில் ஆசிரியரை இழந்தன. கட்டடங்கள் அப்படியே நின்றன. கற்பிக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கே போவது? அந்த நெருக்கடியில்தான், தகுதியான ஆசிரியரைப் போட்டித் தேர்வின் வழியே தெரிந்தெடுக்கும் 'அக்ரெகாசியோன்' என்னும் முறை 1766-இல் பாரீசில் ஏற்படுத்தப்பட்டது. பிரான்சில் அம்முறை மாற்றங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கருத்துக்குரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், நாட்டுக்கு ஆசிரியரை உருவாக்கவென்று ஒரு பெரும் கல்விக்கூடத்தை அமைக்க 1794-இல் ஆணை பிறந்தது. 'எக்கோல் நோர்மால்' என்பது அதன் பெயர். நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 1,400 பேர் பாரீசில் கூடினர். அவர்களுக்குக் கற்பிக்க வந்தவர்கள் யாவர்? கணித மேதை லக்ராஞ்சு, வானியல் மேதை லப்லாசு, வடிவியல் அறிஞர் மோஞ்சு, வேதியியல் வல்லுநர் பெர்தொலே! உலகில் அதற்கு முன் இத்தகைய ஆசிரியர் குழு ஒன்று கூடியதில்லை எனலாம். 1795 சனவரியில் வகுப்புகள் தொடங்கின. அதே ஆண்டு மே மாதத்தில் கல்விக்கூடம் மூடப்பட்டது.

ஏன்? பேரறிஞர்கள் பெருங்கூட்டத்திற்கு முன் நின்று உரையாற்றினர். கேட்டவர்களுள் சிலர் முன்பே ஆழ்ந்து கற்றவர்கள். சிலர் எழுத்தறிவுக்குச் சற்றே மேம்பட்டவர்கள். அவர்களைப் படிநிலைப்படி பிரிக்கவில்லை. கேட்டது புரிந்ததா என்று சோதிக்கும் பயிற்சி போதவில்லை. எப்படிக் கற்பிப்பது என்பதைப் பழகிப்பார்க்கும் வாய்ப்பும் அமையவில்லை. மேதைமை மேடையில் ஒளிர்ந்தது. கீழே இருந்தவர்களில் பலர் இருளிலேயே இருந்தனர். பணமுடை, அரசியல் குழப்பம் ஆகியனவும் காரணம்தான். எனினும் 1808-இல் நெப்போலியன் அதை மீண்டும் நிறுவியபோது, ஆயிரக்கணக்கானோரைத் திரட்டும் எண்ணம் கைவிடப்பட்டது. தெரிந்தெடுத்த சிலர் ஒன்றாகத் தங்கி, கேட்ட பாடத்தைத் தமக்குள் திரும்ப ஆய்ந்து பயிலும் முறை ஏற்கப்பட்டது. அக்கல்விக்கூடம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. லூயி பாஸ்டர் அங்கே பயின்றவரே. அல்காலாவில் இடறிப் பாரீசில் எழுந்த இஞ்ஞாசியாரின் கதை, ஒரு நாட்டின் அளவில் மீண்டும் நிகழ்ந்தது போலத் தோன்றுகிறது.

நம் மண்ணில்

ஒடுக்கப்பட்ட இயேசு சபை 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. 1837-இல் அச்சபையினர் மதுரை மறைப்பணிக்குத் திரும்பினர். 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1866-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. 1923-இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும், 1925-இல் சென்னை இலயோலா கல்லூரியும் பின்தொடர்ந்தன. நம் பாட்டன்மார் காலத்தில் கல்வி வாசனை அறியாத எத்தனையோ குடும்பங்களை இவை கைதூக்கிவிட்டன என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் ஆசிரியப் பயிற்சியைப் பொறுத்தவரை, நம் நாட்டில் ஒரு விந்தையான பிரிவினை வேரூன்றிவிட்டது. சென்னையில் 1856-இலேயே அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பத்தாம் வகுப்பு மாணவனுக்குக் கற்பிக்க விரும்புபவர் பட்டத்தோடு பி.எட். பயிற்சியும் பெற்றாக வேண்டும்; ஒரு வகுப்பறையில் மூத்த ஆசிரியர் முன்னிலையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதே மாணவன் இரண்டாண்டு கழித்துக் கல்லூரிக்குள் நுழைந்தால், அங்கே அவனுக்குக் கற்பிப்பவர் அத்தகைய பயிற்சி எதையும் பெற்றிருக்க வேண்டிய கட்டாயமில்லை. முதுகலைப் பட்டமும், தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ போதும். தம் ஆசிரியர் தமக்கு எப்படிக் கற்பித்தாரோ அப்படியே அவரும் கற்பிக்கிறார். அவரைக் குறை கூறிப் பயன் என்ன? அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்?

இக்குறையை அறிஞர்கள் உணராமல் இல்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, புதிதாகப் பணியேற்கும் கல்லூரி விரிவுரையாளருக்கு அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனக் கல்விப் பணியாளர் கல்லூரிகளை ஏற்படுத்தியது. 2015-இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறின. 2023-இல் மாளவியா பணித் திட்டத்தின் கீழ் வந்தன. பெயர்கள் மாறின, பயிற்சி பெரும்பாலும் பணியில் சேர்ந்த பின்னரே தரப்படுகிறது. பதவி உயர்வுக்கு வேண்டிய சான்றிதழாக அதைக் கருதுவோரும் உளர். 2022-இல் வெளியான முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளில் ஒரு நல்ல மாற்றம் தென்படுகிறது. ஆய்வு மாணவர்கள் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும். வாரத்திற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் தொடர்பான பணி அவர்களுக்குத் தரப்படலாம். 1599-இல் வாரத்திற்கு மூன்று மணி நேரம் என்று எழுதப்பட்ட விதி நம் நினைவுக்கு வருகிறது அன்றோ?

பயிற்சியால் மாணவருக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு அண்மைக்கால ஆய்வுகள் சில விடை தருகின்றன. கிரகாம் கிப்சு, மார்ட்டின் காஃபி என்னும் இருவர் எட்டு நாடுகளின் 22 பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஓராண்டில் மாணவரை மையமாகக் கொண்டு கற்பிப்பதில் முன்னேறினர். அவர்களிடம் பயின்றவர்களிடையே மேலோட்டமாக மனப்பாடம் செய்யும் போக்குக் குறைந்தது. பயிற்சி பெறாதவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. 2014-இல் அமெரிக்காவில், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஆசிரியர் உரையாற்ற மாணவர் கேட்டுக்கொண்டே இருக்கும் வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 34 பேர் தவறினர். மாணவரைக் கேள்வி கேட்டு, செய்ய வைத்து, பேச வைத்துக் கற்பித்த வகுப்புகளில் தவறியோர் 22 பேர். இடையே உள்ள பன்னிரண்டு பேரும் சோம்பேறிகள் என்று நாம் சொல்லிவிட முடியுமா?

கால்மணி நேரம்

குருமடத்தில் நாம் இறையியல் பயின்றபோது, ஆழ்ந்த புலமை வாய்ந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். மஞ்சளேறிய தாள்களிலிருந்து அவர் வாசிக்க வாசிக்க நாம் எழுதினோம். அவர்மீது நமக்கிருந்த மதிப்பு இன்றும் குறையவில்லை. அவர் கற்பித்த பாடந்தான் நினைவில் இல்லை. மற்றொருவர் அத்துணைப் புகழ் பெற்றவர் அல்லர். ஆனால் வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் தூணருகே நிற்பார். எவரேனும் வருவர் என்று அவருக்குத் தெரியும். நாமும் தயங்கித் தயங்கிப் போவோம். "முதலில் நீர் என்ன விளங்கிக்கொண்டீர் என்று சொல்லும்" என்பார். அவரிடம் கற்றதைக் கொண்டே இன்றும் மறையுரை ஆற்றுகிறோம். அவர் காத்திருந்தது ஒரு பழைய விதியின்படி என்பதைப் பின்னாளில் நூல்களைப் படித்தபோதுதான் அறிந்தோம்.

அந்தக் கடலோர மாணவனுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். பங்கில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். பி.எட். படித்து முப்பதாண்டுகள் கணிதம் கற்பித்தவர். அவரிடம் அவனை அனுப்பினோம். முதல் நாள் அவர் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு கணக்கைக் கொடுத்து, "நீயே சத்தமாச் சொல்லிக்கிட்டே போடுப்பா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாராம். அரைமணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது: பதினோராம் வகுப்பின் அடிப்படை ஒன்று அவனுக்குப் பிடிபடவில்லை, அதன்மேல் கட்டிய எதுவும் நிற்கவில்லை. மொந்தேகு கல்லூரியில் சிறுவரோடு அமர்ந்த இஞ்ஞாசியாரைப் போல, அவனும் பின்னோக்கிச் சென்று தொடங்கினான். அடுத்த தேர்வில் நான்கில் மூன்று தாள்களில் தேறினான். ஓர் அரியர் எஞ்சியது. அதை மூன்றாம் முறை எழுதித் தேறினான்.

எல்லார்க்கும் அத்தகைய டீச்சர் கிடைப்பதில்லை. ஆகவே சிலவற்றை வேண்டிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. நம் கல்லூரிகளை நடத்துவோர், ஒருவரைப் பணியில் அமர்த்துமுன், அவர் என்ன படித்தார் என்பதோடு, ஒரு பாடத்தை எப்படிப் புரியவைக்கிறார் என்பதையும் காண வேண்டும். முதலாண்டு வகுப்பை, அனுபவமற்ற இளையவரிடம் தள்ளிவிடாமல், கற்பிப்பதில் கைதேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இளையவர் அவரருகில் இருந்து பழக வேண்டும். நம் பங்குகளில் பேராசிரியராக உள்ள பொதுநிலையினர், வகுப்பு முடிந்தபின் அந்தக் கால்மணி நேரத்தை மாணவருக்குத் தாருங்கள். ஊதிய உயர்வு அதனால் வராது. ஆனால் ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி அதனால் வரக்கூடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை தவறி வந்து நிற்கும்போது, "உனக்குப் படிப்பு வராது" என்ற சொல்லை மட்டும் உதிர்த்துவிடாதீர்கள். அல்காலாவில் இருந்த அந்த மாணவரிடமும் அப்படி ஒருவர் சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பியிருந்தால், மெசினாவும் இல்லை, உரோமைக் கல்லூரியும் இல்லை, திருச்சியும் இல்லை. பிள்ளையின் குறிப்பேட்டை வாங்கி, அன்போடு கேளுங்கள்: இதில் உனக்கு எது புரிந்தது? அந்தக் கேள்வியிலிருந்துதான் கற்பித்தல் தொடங்குகிறது.